விற்பனை மேசை விலகிய வரலாறு

என் இளமைப் பருவத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அதன் முகப்பில், வாயிலின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தேய்ந்து வழவழப்பேறிய நீண்ட மரமேசை ஒன்று கிடந்தது. துவரம்பருப்பும் புளியும் வெல்லமும் மேசைக்கு அப்பால். வாங்க வந்த நாங்கள் இப்பால். வீட்டில் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைக்காரர் உரக்கப் படிப்பார். கடைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து வருவான். தராசில் நிறுத்து, காகிதத்தில் சரித்து, மேலே தொங்கும் நூலுருண்டையிலிருந்து நூலை இழுத்துச் சுற்றி, கண்மூடித் திறப்பதற்குள் பொட்டலம் கட்டிவிடுவார்கள். அந்த மேசையைத் தாண்டி உள்ளே செல்லும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. கடைப் பூனைக்கு மட்டும் இருந்தது.

இன்று அத்தகைய மேசையைக் காண்பது அரிதாகி வருகிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து, கூடையையோ தள்ளுவண்டியையோ எடுத்துக்கொண்டு, அடுக்குகளுக்கு இடையே நடந்து, வேண்டியதை நாமே எடுத்து வருகிறோம். இது மிக இயல்பான செயல் போலத் தோன்றுகிறது. ஆயினும், முன்பின் அறியாத மக்களுக்கு முன் ஒரு வணிகர் தம் சரக்கு முழுவதையும் திறந்து வைத்துவிட்டு, யாரும் வரலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது எளிதில் நிகழ்ந்த மாற்றம் அன்று. அதற்குப் பெரிய கண்ணாடிப் பலகை வேண்டியிருந்தது. மடித்துக் கட்டிய அட்டைப் பெட்டி வேண்டியிருந்தது. பொய் சொல்லாத கல்லாப் பெட்டி வேண்டியிருந்தது. சக்கரம் பூட்டிய கூடையும் வேண்டியிருந்தது. இவை பெரும்பாலும் அமெரிக்க நாட்டில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவற்றைக் கண்டறிந்தவர்களுள் பலர் பொறியியல் கற்றவர்கள் அல்லர். கடை முதலாளிகளும் கடைச் சிப்பந்திகளுமே. அவர்களுடைய வரலாறு சுவையானது; சில இடங்களில் வருத்தம் தருவதும்கூட.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மளிகைக் கடை, நான் மேலே சொன்ன கடையைப் பெரிதும் ஒத்தது. மாவும் சர்க்கரையும் பீப்பாய்களில் இருந்தன. பிஸ்கட்டும் பீப்பாயில்தான் இருந்தது. வாங்குபவர் கேட்க, சிப்பந்தி எடுத்து, அளந்து, கட்டிக் கொடுத்தார். கடன் கணக்கு உண்டு. பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு. விலை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும், சில வேளை பேரம் பேசியும் அறிய வேண்டும். ஆகவே மேசை என்பது வெறும் மரப்பலகையாக இருக்கவில்லை. வாங்குபவர் விற்பவரை எவ்வளவு நம்பலாம், விற்பவர் வாங்குபவரை எவ்வளவு நம்பலாம் என்பதன் எல்லைக்கோடாக அது இருந்தது. குறைந்த அளவையால் கொடுத்தலும் மிகுந்த அளவையால் கொள்ளுதலும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் இல்லறநெறி நூல்களில் எண்ணப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். தராசு எங்கே உண்டோ அங்கே ஐயமும் உண்டு என்பதை எல்லா நாட்டு மக்களும் அறிந்தே இருந்தனர்.

மேசைக்கு முதல் சோதனை வெளியிலிருந்து, தெருவிலிருந்து வந்தது. பெரிய கண்ணாடிப் பலகைகளை வார்க்கும் தொழில் வளர்ந்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. சிறுசிறு சட்டங்களுக்குள் அடைபட்டிருந்த கடைச் சாளரம் விரிந்து, தெருவில் போகிறவரைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. நியூயார்க் நகரில் ஏ. டி. ஸ்டூவர்ட் என்னும் துணி வணிகர் 1846-இல் திறந்த சலவைக்கல் மாளிகை, அதன் பெரிய கண்ணாடிச் சாளரங்களுக்காகவே பேசப்பட்டது. கண்ணாடி ஒரு விந்தையான பொருள். பார்க்க விடுகிறது, தொட விடுவதில்லை. ஆசையை வளர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி உண்டா என்பது ஐயமே.

சாளரத்தில் பொருளை எப்படி அடுக்குவது என்பதே பின்னர் ஒரு தனிக் கலையாயிற்று. அக்கலைக்கு ஆசானாக விளங்கியவர் யார் என்பதை அறிந்தால் வாசகர்கள் வியப்படைவர். ‘ஓஸ் நாட்டு விந்தை மந்திரவாதி’ என்னும் உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் கதையை எழுதிய எல். ஃபிராங்க் பாம் அவர்களே அவர். பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்களின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றிய அவர், கடைகளின் சாளரங்கள் அழுது வடிவதைக் கண்டு, 1897-இல் சிகாகோ நகரில் ‘தி ஷோ விண்டோ’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். சாளர அலங்காரம் செய்வோருக்கென ஒரு சங்கமும் கண்டார். பொருள்களைக் குவித்து வைக்காதீர்கள், சிலவற்றையே எடுத்து ஒளி பாய்ச்சிக் காட்டுங்கள், அசையும் பொறிகளை வைத்துத் தெருவில் போவோரை நிறுத்துங்கள் என்பன அவர் கற்பித்த பாடங்கள். இக்கலையைப் பற்றி அவர் எழுதிய நூலும் ஓஸ் நாட்டுக் கதையும் ஒரே ஆண்டில், 1900-இல், வெளிவந்தன. கதையில் வரும் மந்திரவாதி திரைக்குப் பின்னால் நின்று பொறிகளை இயக்கி மக்களை மயக்குபவன். சாளரங்களை அலங்கரித்த கையே அவனையும் படைத்தது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்து, கடைக்கு உள்ளே இருந்த ஐயத்தைப் பார்ப்போம். முதலாளிக்கு வாங்க வருவோர் மீது இருந்த ஐயத்தைவிடத் தம் சிப்பந்திகள் மீது இருந்த ஐயம் பெரிது. ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்தி வந்தார். வியாபாரம் நன்றாக நடந்தும் கையில் பணம் தேறவில்லை. சிப்பந்திகள் காசைத் தம் பைக்குள் போட்டுக்கொள்வதே காரணம். மனம் சோர்ந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கப்பலின் இயந்திர அறையில், சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணிக் காட்டும் கருவி ஒன்றைக் கண்டார். கப்பற் சுழலியின் சுற்றை எண்ண முடியுமாயின் கல்லாவில் விழும் காசை எண்ண முடியாதா என்ற எண்ணம் பிறந்தது. ஊர் திரும்பித் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து ஒரு கருவியைச் செய்தார். 1879 நவம்பர் 4 அன்று காப்புரிமை கிடைத்தது. கடிகாரம் போன்ற முகப்பில் தொகையைக் காட்டிய அக்கருவிக்குக் ‘கறைபடியாத காசாளர்’ என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார்.

கருவி சிறந்தது, விற்பனைதான் இல்லை. ரிட்டி உரிமையை விற்றுவிட்டார். அது பின்னர் ஜான் எச். பாட்டர்சன் என்பவர் கைக்கு 1884-இல் வந்து, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. பாட்டர்சனும் ஒரு சுரங்க ஊரில் கடை வைத்து, ரிட்டியைப் போலவே நட்டப்பட்டு, இக்கருவியை வாங்கி வைத்தபின் இலாபம் கண்டவர். மணி ஒலிக்கும், பெட்டி திறக்கும், தொகை எல்லோர் கண்ணிலும் படும், காகிதச் சுருளில் பதிவாகும். இக்கருவியால் முதலாளிக்குச் சிப்பந்தி மீதிருந்த ஐயம் குறைந்தது என்பர். நான் சற்று வேறாக நினைக்கிறேன். ஐயம் குறையவில்லை, அது இயந்திரத்துக்குள் குடியேறியது. நேர்மையான சிப்பந்தியும் அம்மணியின் ஓசைக்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

பெரிய துணிக்கடைகளில் வேறொரு முறையும் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் கல்லா வைக்க அஞ்சிய முதலாளிகள், பணத்தை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சில்லறை வாங்கி வரச் சிறுவர்களை அமர்த்தியிருந்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரக் கடைக்காரர் வில்லியம் லாம்சன், குடைந்த மர உருண்டைகளுக்குள் பணத்தை வைத்து, கூரையை ஒட்டிய சாய்வான தடங்களில் உருள விட்டார். 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சிறுவர்களின் ஓட்டம் நின்றது. அவர்களின் கூலியும் நின்றது.

இவை எல்லாம் மேசையைக் காக்கும் கருவிகளே. மேசையையே தேவையற்றதாக்கிய கருவி ஓசையின்றி ஓர் அச்சுக்கூடத்தில் பிறந்தது. நியூயார்க்கில் காகிதப் பை செய்து விற்ற ராபர்ட் கெயர் என்பவரின் தொழிற்கூடத்தில், 1870-களின் இறுதியில், விதைப் பைகளை அச்சிடும்போது ஓர் உலோகத் தகடு இடம் பெயர்ந்து, மடிப்புக் கோடு போட வேண்டிய இடத்தில் பைகளை வெட்டிவிட்டது. பாழான பைகளைக் கண்டு பிறர் தலையில் கைவைத்திருப்பர். கெயரோ, வெட்டுதலையும் மடிப்பிடுதலையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று கண்டுகொண்டார். தட்டையாகக் கட்டி அனுப்பி, வேண்டிய இடத்தில் மடித்து நிமிர்த்தும் அட்டைப் பெட்டி அவ்வாறு மலிவாயிற்று. 1898-இல் உருவான நேஷனல் பிஸ்கட் நிறுவனம், மெழுகுத்தாள் உள்ளுறையிட்ட அட்டைப் பெட்டியில் ‘யுனீடா’ பிஸ்கட்டை விற்றது. பீப்பாயின் அடியில் நமுத்துக் கிடந்த பிஸ்கட்டை உண்டவர்களுக்கு அப்பெட்டியின் அருமை தெரிந்திருக்கும்.

இதன் விளைவை நாம் நின்று நோக்க வேண்டும். பொருள் பெட்டிக்குள் அளந்து அடைக்கப்பட்டுவிட்டால், கடையில் தராசுக்கு வேலை இல்லை. பொட்டலம் கட்டும் நூலுக்கு வேலை இல்லை. எது நல்லது என்று சொல்லும் சிப்பந்தியின் வாய்க்கும் வேலை இல்லை; பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரே பேசிவிடுகிறது. வாங்குபவர் அதுவரை தம் தெருக் கடைக்காரரை நம்பினார். இனித் தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு தொழிற்சாலையை நம்பத் தொடங்கினார். அளவில் ஐயம் எழுந்தால் முகம் பார்த்துக் கேட்க அங்கு ஆள் இல்லை. நான் பழைய முறையைப் புகழ வரவில்லை. கலப்படமும் எடைக் குறைவும் பழைய கடையில் நிறையவே இருந்தன. எனினும் இழந்ததை இழந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருளைத் திறந்த மேசைமேல் பரப்பி வாங்குபவரின் கைக்கு எட்டச் செய்ததில் ஃபிராங்க் உல்வொர்த் முன்னோடி. பேசி விற்பதில் திறமையற்ற சிப்பந்தி என்று பெயரெடுத்தவர் அவர். பேச்சே தேவைப்படாத கடையை அவர் கண்டது பொருத்தமே. எல்லாம் ஐந்து சென்ட் என்று விலை எழுதி வைத்த அவருடைய முதற்கடை, 1879-இல் யூட்டிகா நகரில் தோல்வியுற்றது. அதே ஆண்டில் லங்காஸ்டர் நகரில் திறந்த கடை வென்றது. ஆயினும் அங்கும் பொருளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று பணம் வாங்கினாள். மளிகைக் கடையோ இன்னும் பழைய முறையிலேயே இருந்தது.

அதை உடைத்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். இவ்வரலாற்றின் நாயகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். 1881-இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டு மளிகைக் கடைச் சிப்பந்தியானார். பின்னர் மொத்த வணிகர்களிடம் விற்பனையாளராகிப் பல கடைகளுக்கும் சென்று வந்தார். அங்கே அவர் கண்டது ஒன்றுதான். காலை வேளையில் சிப்பந்திகள் சும்மா நின்றார்கள்; கூட்டம் வரும் வேளையில் வாங்குவோர் சும்மா நின்றார்கள். இருவேளைக்கும் கூலி ஒன்றே. அக்கூலி பொருளின் விலையில் ஏறியது. பொருள்தான் இப்போது பெட்டிக்குள் இருக்கிறதே, வாங்குபவரே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

1916 செப்டம்பரில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், ஜெஃபர்சன் தெரு 79-ஆம் எண்ணில் ‘பிக்லி விக்லி’ என்னும் விந்தைப் பெயருடன் அவர் கடை திறந்தார். ஏன் இப்பெயர் என்று கேட்டவர்களுக்கு, நீங்கள் இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று விடையிறுத்தாராம். கடைக்குள் நுழையச் சுழல்வாயில் ஒன்று. நுழைந்ததும் கையில் ஒரு கூடை. அதன்பின் வழி ஒன்றே. அடுக்குகளுக்கு இடையே வளைந்து வளைந்து சென்று, கடையின் எல்லாப் பொருள்களையும் கடந்த பிறகே காசாளரிடம் வந்து சேர முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு. கடன் இல்லை, வீட்டுக்குக் கொண்டு தருவதும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ‘சுயசேவைக் கடை’ என்ற பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1917 அக்டோபர் 9 அன்று 1,242,872 என்னும் எண்ணுடன் அது வழங்கப்பட்டது. ஒரு கருவிக்கு அன்றி, ஒரு கடையின் நடைபாதைக்கே காப்புரிமை! வாங்குபவர் சரக்கு முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதை அவ்வாவணம் ஒளிவு மறைவின்றித் தன் நோக்கமாகவே கூறுகிறது. கலிபோர்னியாவில் ‘குரோசடேரியா’ என்ற பெயரில் சுயசேவை முயற்சிகள் அதற்குச் சற்று முன்பே நடந்திருந்தன என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும். ஆயினும் அதை ஒரு முழு ஏற்பாடாக அமைத்து நாடெங்கும் பரப்பியவர் சாண்டர்ஸே. ஏழாண்டுக்குள் 1,200-க்கும் மேற்பட்ட பிக்லி விக்லி கடைகள் தோன்றின.

மக்கள் ஏன் இதை விரும்பினர்? விலை குறைவு என்பது முதற் காரணம். இன்னொரு காரணம் எழுத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. மேசைக்கு முன் நிற்பவர்கள் எல்லோரும் சமமாக நடத்தப்படவில்லை. உயர்ந்த ஆடை அணிந்தவருக்கு முதலில் கவனிப்பு. மலிவான பொருளைக் கேட்பவருக்குச் சிப்பந்தியின் ஏளனப் பார்வை. நிறவேற்றுமை கொடுமையாக நிலவிய அமெரிக்கத் தென்மாநிலங்களில், முன்னரே வந்து நின்ற கறுப்பினத்தவர், பின்னால் வந்த வெள்ளையர் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பல கடைகளில் வழக்கம். சுயசேவைக் கடையின் அடுக்கு யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. காசாளர் முன் வரிசை வந்த முறைப்படி நகர்கிறது. சாண்டர்ஸ் சீர்திருத்தம் கருதி இதைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. எனினும் மேசை விலகியபோது அதனோடு ஒட்டியிருந்த ஒரு சிறுமையும் ஓரளவு விலகியது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவது ஏற்கத்தக்கதே.

மறுபக்கமும் உண்டு. வேலை போன காலத்தில், கதிர் விளையாத ஆண்டில், கணக்கில் எழுதிக்கொண்டு அரிசியோ மாவோ தரும் கடைக்காரரை எல்லா நாட்டு ஏழைகளும் அறிவர். விலைச்சீட்டு கடன் தராது. சுழல்வாயில் யாருடைய துன்பத்தையும் விசாரிக்காது.

சாண்டர்ஸ் எழுந்த வேகத்திலேயே வீழ்ந்தார். 1922-இன் இறுதியில், நியூயார்க் பகுதியில் பிறர் நடத்திய சில பிக்லி விக்லி கடைகள் நொடித்தன. அதைக் காட்டி அந்நகரப் பங்குச் சந்தையில் சிலர் நிறுவனத்தின் பங்கு விலையைச் சரிக்க முயன்றனர். சினங்கொண்ட சாண்டர்ஸ் கோடி டாலர் கடன் வாங்கி, சந்தையில் இருந்த பங்குகளை ஏறத்தாழ முழுவதும் வாங்கிக் குவித்தார். 1923 மார்ச் 20 அன்று, தமக்கு விற்றவர்கள் பங்குகளை ஒப்படைக்க வேண்டும் என்று அழுத்தினார். விலை 124 டாலர் வரை ஏறியது. சந்தை நிருவாகம் அப்பங்கின் வணிகத்தை நிறுத்தி, எதிர்த்தரப்பினருக்குக் காலநீட்டிப்பும் அளித்தது. கடன் சாண்டர்ஸின் கழுத்தை நெரித்தது. அவ்வாண்டே தாம் கண்ட நிறுவனத்திலிருந்து அவர் வெளியேறினார். அவர் வீழ்ந்தாலும் அவருடைய அடுக்குகள் நின்றன. மற்றக் கடைகளும் அவற்றைப் பின்பற்றின. 1930-இல் நியூயார்க் குயீன்ஸ் பகுதியில் வெறுமையாகக் கிடந்த ஒரு மோட்டார்க் கொட்டகையில் மைக்கேல் கல்லன் திறந்த ‘கிங் கல்லன்’ கடை, சுயசேவையைப் பேரளவுக்கு வளர்த்தது. வாங்குவோர் மோட்டார் வண்டிகளில் வந்தனர்.

இப்போது ஒரு சிறு தடை மட்டும் எஞ்சியிருந்தது: வாங்குபவரின் கை வலி. ஓக்லஹோமா நகரில் ‘ஹம்ப்டி டம்ப்டி’ முதலிய கடைகளை நடத்திய சில்வன் கோல்ட்மேன் இதைக் கவனித்தார். கூடை கனத்ததும் வாங்குதல் நின்றுவிடுகிறது. 1936-இல் ஓர் இரவு, தம் அலுவலகத்தில் இருந்த மடிப்பு நாற்காலியை அவர் உற்று நோக்கினார். இருக்கையில் ஒரு கூடை, அதன்கீழ் இன்னொரு கூடை, கால்களில் சக்கரம் என்று எண்ணம் ஓடியது. ஃபிரெட் யங் என்னும் கைவினைஞர் அதைச் செய்து கொடுத்தார். 1937 ஜூன் 4 அன்று புதிய வண்டிகள் கடையில் வரிசையாக நின்றன.

அவற்றை யாரும் தொடவில்லை! கோல்ட்மேன் பின்னாளில் தாமே சொன்ன கதை இது. என் கையில் வலு இல்லை என்று நினைத்தீரா என்றார்கள் ஆடவர். குழந்தை வண்டி தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது, இங்கும் ஒன்றா என்றார்கள் இளம்பெண்கள். முதியவர்களோ தளர்ந்தவர் என்ற பெயர் வருமே என்று தயங்கினார்கள். கோல்ட்மேன் பல வயதினரையும் கூலிக்கு அமர்த்தி, வாங்குபவர்களைப் போலவே வண்டி தள்ளிக்கொண்டு கடைக்குள் நடமாடச் செய்தார். வாயிலில் ஒரு பெண்மணி நின்று, அதோ எல்லோரும் எடுத்திருக்கிறார்களே, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சில நாள்களில் வண்டிகள் போதவில்லை. கருவியைக் கண்டறிந்ததைவிட, பயன்படுத்துவோரின் கூச்சத்தைத் தீர்க்கக் கண்ட இவ்வழியே அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் செய்வதைக் கண்டால் நாமும் செய்வோம். நல்லதாயினும் தீயதாயினும் மனித இயல்பு அதுவே. நடிப்பவர்களைக் கண்டு மயங்குவதும் அதே இயல்பால்தான்.

அவ்வண்டியை மாலையில் மடித்து வைக்க வேண்டும், காலையில் விரிக்க வேண்டும். கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஆர்லா வாட்சன் 1946-இல் இதற்கு வழி கண்டார். கூடையின் பின்புறத்தைக் கீல் பூட்டிய கதவாக்கினால், ஒரு வண்டி மற்றொன்றுக்குள் புகுந்து நிற்கும். இன்று நாம் ‘கடகட’வென்று இழுத்துப் பிரிக்கும் வண்டி வாட்சன் கண்டதே. கோல்ட்மேனுக்கும் அவருக்கும் உரிமை பற்றி எழுந்த வழக்கு 1949-இல் சமாதானமாக முடிந்து, காப்புரிமை வாட்சனிடமே நின்றது. கோல்ட்மேன் உரிமம் பெற்று வண்டி செய்தார்.

கை வலி ஓர் அளவுகோலாக இருந்தது. வண்டி அதை எடுத்துவிட்டது. அதன்பின் அளவு என்பது வாங்குபவரின் மனத்திலும் பணப்பையிலும் மட்டுமே இருந்தது. மனத்தை அசைக்கும் வழிகளைக் கடை அமைப்போர் நன்கு கற்றுக்கொண்டனர். நாள்தோறும் தேவைப்படும் பால் போன்றவற்றைக் கடைக்கோடியில் வைத்தால், அதைத் தேடிச் செல்பவர் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போவார். மிகுந்த இலாபம் தருவதைக் கண்மட்டத்தில் வைப்பர். மலிவானதைக் குனிந்து எடுக்கும்படி வைப்பர். காசாளருக்காகக் காத்து நிற்கும் இடத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், மிட்டாய் இருக்கும். எல்லாம் சாண்டர்ஸின் ஒற்றை வழிப்பாதையில் முளைத்த கிளைகளே. இவற்றை வஞ்சம் என்று முழுமையாகச் சொல்லிவிட மாட்டேன். விலை எழுதியிருக்கிறது, எடை எழுதியிருக்கிறது, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆயினும் பழைய கடைக்காரர் மேசைக்கு அப்பாலிருந்து தம் வாயால் நம்மை வற்புறுத்தியபோது, வற்புறுத்துகிறார் என்று நமக்குத் தெரிந்தது. அடுக்கு வற்புறுத்துவது தெரிவதில்லை.

காசாளரின் வேலையும் ஒருநாள் மாறியது. நார்மன் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்னும் இருவர், பொருளின் மேல் கோடுகளாக அச்சிட்டு ஒளியால் படிக்கும் முறைக்கு 1952-இல் காப்புரிமை பெற்றனர். கடற்கரை மணலில் விரல்களால் கோடிழுத்தபோது உட்லண்டுக்கு இவ்வெண்ணம் தோன்றியதாம். அதைப் படிக்கத்தக்க கருவிகள் வருவதற்கு மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின. 1974 ஜூன் 26 காலையில், ஒகையோ மாநிலத்து டிராய் என்னும் சிற்றூரின் மார்ஷ் அங்காடியில், 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் கட்டு ஒன்று முதன்முதலாகப் பார்கோடு வழியாகக் கணக்கில் ஏறியது. டிராய், ரிட்டியின் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள ஊர். அங்கே கோடுகளைப் படித்த கருவியோடு இணைந்திருந்த கல்லா, ரிட்டியின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த அதே நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் செய்தது.

சாண்டர்ஸின் பிற்காலத்தைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. இரண்டாம் முறை கடைகள் தொடங்கிச் செல்வம் சேர்த்து, பொருளாதார மந்த காலத்தில் அதையும் இழந்தபின், 1937-இல் மெம்பிஸ் நகரில் ‘கீடூசில்’ என்னும் கடையைத் திறந்தார். சாவியே எல்லாம் செய்யும் என்பது பெயரின் பொருள். அங்கே பொருள்களின் மாதிரிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. வாங்குபவர் தம்மிடம் தரப்பட்ட சாவியைப் பொருளின் அருகிலுள்ள துளையில் நுழைத்தால் அது பதிவாகும். பின்னறையில் பொறிகள் அப்பொருள்களைச் சேர்த்து, நகரும் பட்டையில் கொண்டு வந்து தரும். கூட்டம் மிகுந்தபோது பொறிகள் தடுமாறின. ஒருவர் கேட்டது மற்றவருக்குப் போயிற்று. பலமுறை திருத்தியும் பயனின்றி, 1949-இல் அம்முயற்சி நின்றது. வாங்குபவரின் கையையும் பொருளையும் ஒன்று சேர்த்தவரே, தம் முதுமையில் இரண்டுக்கும் நடுவே மீண்டும் கண்ணாடியை நிறுத்தினார். வாங்குபவரே தம் கணக்கையும் போட்டுக்கொள்ளும் மற்றொரு கடையைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த நிலையில் 1953 அக்டோபரில் அவர் காலமானார்.

பங்குச் சந்தையில் தோற்பதற்கு முன், மெம்பிஸில் இளஞ்சிவப்புச் சலவைக்கல்லால் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கியிருந்தார். அது கட்டி முடியும் முன்பே கைமாறியது. ஒருநாளும் அவர் அதில் வசித்ததில்லை. பின்னர் அது நகரத்தின் அருங்காட்சியகமாயிற்று. 1916-இல் அவர் திறந்த முதற்கடையின் மாதிரி, சுழல்வாயிலும் அடுக்குகளும் விலைச்சீட்டுகளுமாக, அவ்வருங்காட்சியகத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது.